பன்னிரண்டு குரல் கொள்ளும் காற்று

புந்தா அரேனாஸில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டி வைத்திருக்கிறோம்
நடப்பவர் பறந்துவிடாமல் பிடித்துக்கொள்ள.
ஆனால் மருத்துவமனையின் அவசரப் பிரிவில்
எள் விழ இடமில்லாத காற்று ஒன்று உண்டு.
கூரையில் வெள்ளைத் தட்டுப்போல் ஒட்டியிருக்கும்
அந்த வைஃபை பெட்டி
பன்னிரண்டு குரலைத் தாங்கும்.
பதின்மூன்றைத் தாங்காது.
எண்ணியது நான்.
டானிட்ஸா புவினிச், வலையமைப்பு, இரவுப் பணி.

"இதே பெட்டியில் காவலாளி கால்பந்து பார்க்கிறான்,
புல்லின் நுனிகூடத் தெரிகிறது.
பேசினால் மட்டும் என்ன கேடு?"
என்றார் நிர்வாகி ஓயார்சோ.

கால்பந்து மூட்டைமூட்டையாக லாரியில் வரும், ஐயா.
குரலை மூட்டை கட்டினால் ஆறிப்போகும்.
நொடிக்கு ஐம்பது துண்டாக அரிந்து
துண்டுக்கொரு உறை,
உறைமேல் துண்டைவிட நீளமாய் முகவரி,
அனுப்புமுன் ஒரு காத்திருப்பு,
சேர்ந்ததென்று ஒரு தலையசைப்பு.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.

கேட்டுக்கொண்டார். தேநீர்கூடக் கொடுத்தார்.
பிறகு, பதின்மூன்றாவதாக எடுப்பவருக்கு
பிஸி ஒலி வருகிறது என்று புகார் வந்ததால்
வரம்பை எடுத்துவிடச் சொன்னார்.
எடுத்தேன்.
எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுத்தேன்.

ஆகஸ்ட், ஒரு வியாழன்.
நத்தாலெஸ் சாலையில்
பனிக்கட்டியில் ஒரு பேருந்து புரண்டது.

பதின்மூன்றாவது குரல் நுழைந்தபோது
பதின்மூன்றாவது குரல் உடையவில்லை.
பதின்மூன்றும் உடைந்தன.
கடைசியில் வந்தவன் வாசலில் நிற்பான்
என்றுதானே நினைப்போம்?
இல்லை. உள்ளே வந்துவிடுகிறான்,
எல்லோர் வாயிலும் கொஞ்சம் தண்ணீர் போகிறது.

செவிலி யாஸ்னா பர்ரியா
ரத்தவங்கியைக் கேட்டாள், என்ன வகை என்று.
"ஓ… திவோ."
"என்ன?"
"ஓ… திவோ."
நெகதிவோவும் பொசிதிவோவும்
ஒரே வாலில் முடிகிற மொழி எங்களுடையது.
தலையைக் காற்று தின்றுவிட்டது.
கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு
மூன்று மாடி ஏறி ஓடினாள்.
அவளுடைய இடது செருப்பு
இரண்டாம் மாடிப் படியில் கிடந்தது, விடியும்வரை.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பட்டியலில் ஒரு கருவி மட்டும் தவழ்ந்தது.
ஆம்புலன்ஸ் வாசல், இரும்புக் கதவுக்கு அப்பால்,
சிக்னல் சாகும் இடம்.
அங்கிருந்து ஒரு துண்டு வந்து சேரும் நேரத்தில்
பக்கத்தில் நிற்பவன் பத்து அனுப்பிவிடுவான்.
அந்த ஒருவனை வெட்டினால்
மற்றவர்கள் தெளிவார்கள்.
கையேடு அதைத்தான் சொல்கிறது. சரியாகவும் சொல்கிறது.
விரல் விசைமேல் இருந்தது.

எலியேசர் மான்சிலா, ஓட்டுநர்.
பனியில் நின்று
ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராக எண்ணி
உள்ளே சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான்.
"பெண். முப்பது இருக்கும். மூச்சு இரு…
…பது இருக்கும். மூச்சு…"

அவனை விட்டுவிட்டேன்.
வேறு மூன்றை வெட்டினேன்.
ஒன்று, சமையலறைக்குக் காபி கேட்ட அழைப்பு.
ஒன்று, யாரோ மறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனது;
பேச்சே இல்லை,
ஆனால் எங்கள் கருவிகளில்
மௌனத்துக்கும் நொடிக்கு ஐம்பது துண்டு.
இன்னொன்று.

இப்போது வரம்பு திரும்ப வந்துவிட்டது.
பன்னிரண்டு அல்ல, பத்து.
இரண்டு இடம் காலி,
பேசிக்கொண்டே தாழ்வாரத்தில் ஓடி வருபவருக்கு.
யாஸ்னாவுக்கே நேற்று பிஸி ஒலி கிடைத்தது.
கூரையைப் பார்த்து ஏதோ திட்டினாள்.
பிறகு என்னிடம்,
"அதாவது முழுசாகக் கேட்கிறது,
தலையும் வாலுமாக" என்றாள்.

அந்த மூன்றாவது அழைப்பு
யாருடையதென்று பதிவேட்டில் இருக்கும்.
யாரும் வந்து கேட்கவில்லை.
நானும் இன்னும்
அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.