ஏழாம் வரிசையில் வாளி

ஒஹையோவில், ஏரியோரத்து லொரெய்ன் நகரில்
இந்தக் கடைக்கு மூன்று கூரைகள்.
வில்லாய் வளைந்திருப்பது முதல் முதலாளி கட்டியது,
நிலாவுக்கு ஆள் அனுப்பிய வருடங்களில்.
அதன் உச்சியில் வெள்ளையடித்த மரக்கூண்டு, மேலே தகரச் சேவல்:
இரண்டாமவருக்கு எல்லாமே பண்ணைவீடாகத் தெரிய வேண்டும்.
மூன்றாவது கம்பெனி
பாலைவன நிறத்தில் ஒரு கோபுரத்தை ஒட்டிவிட்டுப் போனது,
ஐந்து மாதம் பனி கொட்டும் ஊரில்.
கோபுரத்தில் கடிகாரம் உண்டு.
முட்கள் வர்ணத்தில் வரைந்தவை.
பத்து மணி பத்து நிமிடம்.

நான் பெயர் கழற்றுகிறவன்.
ஏணி வண்டியின் கூடையில் நின்று
ஆளுயர எழுத்துகளை ஒவ்வொன்றாய் இறக்கினேன்.
எழுத்து போன இடத்தில் எழுத்து இருந்தது.
வெயில் படாத செங்கல்
அதே பெயரை இளஞ்சிவப்பில் சொல்லிக்கொண்டிருந்தது.
அடைத்த திருகுத் துளைகளைத் தடவிக்கொண்டே போனால்
அதற்கும் முந்தையது:
வின்டில்ஸ்.

கழிப்பறை தேடி உள்ளே போனேன்.
'ரொட்டி'யின் கீழே நாய்த்தீனி.
'ஒரு மணி நேரத்தில் புகைப்படம்' ஜன்னலில்
இரத்த அழுத்த மாத்திரை.
சுவரோடு பெயர்த்தால்தான் வரும் பித்தளை 'இறைச்சி'க்கு அடியில்
வாழ்த்து அட்டைகள்,
நேர் கீழே, யாரும் யோசித்து வைத்ததல்ல,
இரங்கல் அட்டைகள்.

பால் எங்கே என்று கேட்டவரிடம்
பலகையைப் பாருங்கள் என்றானாம் புதுப்பையன்.
கேட்டவர் எஞ்சின் ஆயிலோடு திரும்பி வந்து
ஒன்றும் சொல்லாமல் காசு கொடுத்தாராம்.
சிரித்துக்கொண்டே கல்லாவைச் சாத்தினாள் நெரெய்டா:
"பலகையைப் படிச்சா வெளியூர்னு அர்த்தம்."

கூரைகள் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலைக்கு
நேர் கீழே ஏழாம் வரிசை.
அங்கே ஒரு மஞ்சள் வாளி.
சொட்டு.
வில்லைக் கட்டியவர் உயிரோடில்லை.
சேவல்காரர் திவால்.
கோபுரத்துக்காரர்கள்
எங்கள் பொறுப்பு சுவரோடு சரி என்று கடிதம் போட்டுவிட்டார்கள்.
மேனேஜர் ஸிலாஜி எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கிறார்.
கோப்பும் ஒருமுறை நனைந்தது.
சொட்டு.
வாளிக்கு மேலே, இரண்டு சங்கிலியில்,
லேசாக ஆடுகிறது
'புது வரவு'.

சாயங்காலம் புதுப்பெயர் லாரியில் வந்தது.
பச்சை. ஐந்தே எழுத்து.
பழையதற்கு ஒன்பது.
மாட்டி முடித்தபோது இந்தப்பக்கம் இரண்டு, அந்தப்பக்கம் இரண்டு
இளஞ்சிவப்பு எழுத்துகள்
சட்டைக்கு வெளியே உள்சட்டை போல.
தலைமையகத்துக்குப் போன் போட்டேன்.
வர்ணம் அடுத்த வருட பட்ஜெட்டில்.

விளக்கைப் போட்டேன்.
தள்ளுவண்டியோடு ஒரு பெண் வெளியே வந்தாள்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
முகமெல்லாம் என் பச்சை வெளிச்சம்.
"வின்டில்ஸ்லதான் இருக்கேன். பால் வாங்கியாச்சு."
நிமிர்ந்து பார்க்கவில்லை.

கையொப்பத் தாளை எடுத்தேன்.
நேரம்: ஆறு நாற்பது.
இடம் என்ற கட்டத்தில்
கை தானாக எழுதிய பெயரை
அடித்துவிட்டு
மேலே அண்ணாந்து பார்த்து
எழுத்துக் கூட்டி எழுதினேன்.