பல் கணக்கு

முதலியார்பேட்டை பழைய இரும்புக் கடையிலிருந்து
பேப்பரில் சுற்றி, கிரீஸ் கசியக் கசிய
மடியில் வைத்துக் கொண்டுவந்தார்
என் வீட்டுக்காரர் கலியவரதன்:
கிரவுன் ஒன்று, பினியன் ஒன்று.
சண்டையில் ஜெயித்த சேவலைப் பிடித்து வருகிற மாதிரி.

எண்ணிப் பார் என்றார். எண்ணினேன்.
பெரியதில் நாற்பத்தொன்று, சின்னதில் பதினொன்று.
கழற்றிப் போட்டதில் முப்பத்தொன்பதும் எட்டும்.
டீசல் நோட்டின் பின்னட்டையில் வகுத்தேன்.
சக்கரம் ஒருமுறை உருள
எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்து முறை சுற்றிக்கொண்டிருந்தது.
இனி நாலுகூட வேண்டாம்.
துறைமுகத்திலிருந்து பாண்டி பெரிய மார்க்கெட்டுக்கு
ஒரு நடைக்குப் பதினாலாயிரம் சுற்று மிச்சம்.
பிஸ்டன் ஏறாத ஏற்றம், ரிங் உரசாத உரசல்,
எல்லாம் வரவு என்று எழுதினேன்.

முதல் மூன்று மாதம் வரவுதான்.
ரெட்டிச்சாவடி தாண்டியதும் வண்டி
வாயை மூடிக்கொண்டு ஓடியது.
நாங்கள் பேசிக்கொள்ள முடிந்தது.
பதினோரு வருஷமாய் அந்தப் பாதையில்
கத்தாத அவர் குரலை நான் கேட்டதில்லை.
கிருமாம்பாக்கம் பங்கில்
குறைந்த விலை டீசலையும் குறைவாய்ப் போட்டோம்.
மீட்டர் மட்டும் பொய் சொன்னது,
இருபத்தாறு கிலோமீட்டரை இருபது என்று.
பழைய பல்லின் ஞாபகத்திலேயே இருந்தது அது.

கெடிலம் பாலம்தான் சரியில்லை.
ஐஸும் காரப்பொடியும் சங்கராவுமாய் ஒன்றரை டன்,
பாலத்தின் தோளில் ஏறும்போது
மூன்றாவதுக்கு இறக்க வேண்டும்.
"டாப்பிலேயே இழுக்குது பார்" என்றார்.
இழுத்தது.
என் காலடியில்
டுக்.
டுக். டுக்.
பூட்டிய வீட்டுக்கு உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.
இன்னும் மிதித்தார். வேகம் வரவில்லை,
தட்டல்தான் வந்தது.

மெதுவாய்ச் சுற்றினால் ஓய்வு என்றிருந்தேன்.
சுமையோடு மெதுவாய்ச் சுற்றுவது வேறு சங்கதி.
ஆயில் பம்பும் அதே சோம்பலில்தான் சுற்றும்.
தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில்
ஒரு மயிரிழை ஈரம்,
அது நசுங்கி நசுங்கி விலகும்.
ஒவ்வொரு வெடியும் முழுக் கனத்தோடு இறங்கும்.
சுற்றுக்கு என் நோட்டில் இடம் இருந்தது,
அடிக்குப் பத்தி போட்டிருக்கவில்லை.

ஐப்பசி மழையில், மஞ்சக்குப்பம் பட்டறையில்
ஜக்கரியா சம்ப்பைக் கழற்றினார்.
பேரிங்கில் வெள்ளைப் பூச்சு போய்
செம்பு இளித்தது.
கலியவரதன் பினியனைத் திட்டினார்,
இரும்புக் கடைக்காரனைத் திட்டினார்,
பாலம் கட்டிய இஞ்சினியரையும் விடவில்லை.
ஜக்கரியா அந்த அரைவட்டத்தைத் துடைத்து
என் கையில் வைத்தார்.
சுரும்பு மீனின் செதிலைவிடக் கொஞ்சம்தான் கனம்.

டீசலில் மிச்சம் நாலாயிரத்து எழுநூறு.
பேரிங், கிளட்ச், கூலி: இருபத்து மூவாயிரம்.
பழைய கிரவுனை எடைக்குப் போட்டாயிற்று,
ஆகவே இதே நாற்பத்தொன்றும் பதினொன்றும்தான்.

இப்போதும் மீட்டர் இருபது என்கிறது,
நான் இருபத்தாறு என்று எழுதுகிறேன்.
விடியற்காலை பாலத்து விளக்கு தெரிந்ததும்
எனக்கு இருமல் வரும்.
அவர் மூன்றாவதுக்கு இறக்குவார்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.
சில நாள் இருமலுக்கு முன்பே இறக்கிவிடுகிறார்.
இருந்தாலும் இருமிவிடுகிறேன்.