முப்பத்தொரு கொட்டை

ஏழாவது மாடிக்கு லிஃப்டில் போனது அன்றுதான்.
இந்தக் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவன் நான்.
அப்போது லிஃப்ட் கிடையாது,
ஏழாவது மாடியும் கிடையாது.

நீள்வட்ட மேசை, எட்டு நாற்காலி,
நாலு அவர்களுக்கு, நாலு எங்களுக்கு.
சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரப்போய்
தில்பகதூர் ஓரடி பின்னால் உருண்டான்.
யாரும் சிரிக்கவில்லை.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கூட்டுக் குழு என்று பெயர்.
போன மாதம் சனையா கேம்ப்பில் தேர்தல் நடந்தது.
நான் நிற்கவில்லை, நிறுத்தினார்கள்.
"பூமிநாதனுக்கு ஹிந்தி வரும், வங்காளி புரியும்,
கோபம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்"
என்றார் ஃபோர்மேன் சவரிமுத்து.

ஹெல்மெட் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
இருபத்துமூன்று கோரிக்கை எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.
முதல் வரி ஓவர்டைம்:
அது சம்பளத்துறையின் விஷயமாம்.
அடுத்தது பாஸ்போர்ட்:
அது தலைமையின் விஷயம்.
பருப்பில் கல் கிடப்பது
கேட்டரிங்காரர்களின் விஷயம்.
இந்தக் கம்பெனிக்கென்று
ஒரு விஷயமாவது உண்டா என்று நினைத்தேன்.
தமிழில் நினைத்தேன், அதனால் தப்பித்தேன்.

அட்டையை நான் மடிக்கும்போது
கண்ணாடி போட்ட ஜோர்டான்காரர் சொன்னார்:
இந்த வருஷம் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.
பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கூரை,
அல்லது இருபதாவது மாடியில் குளிர்தண்ணீர் மிஷின்.
எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.
நல்லவிதமாகத்தான் சொன்னார்.
பாட்டிலைத் திறந்து
எனக்குத் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தார்.

முடிவெடுப்பது இவ்வளவு கனக்கும் என்று
அன்றுவரை தெரியாது.
மேலே வேலை செய்பவன் கேட்டான்:
"தண்ணி எங்கிட்ட ஏறி வர்றதுக்குள்ள
டீ ஆயிடுது, தெரியுமா?"
கீழே நிற்பவன் கேட்டான்:
"பஸ் வர ஐம்பது நிமிஷம்.
எனக்கு நிழல்னா முன்னால நிக்கிறவன் முதுகுதான்.
அவன் நகர்ந்தா?"
எங்கள் அறையில்
மேல்கட்டில் தண்ணீர்க் கட்சி, கீழ்க்கட்டில் கூரைக் கட்சி.
நாலு நாள் பேச்சில்லை.
ஏறி இறங்க மட்டும் ஒரே ஏணி.

வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் ஓட்டு.
நோன்புக்கு வந்து மிஞ்சிய பேரீச்சம்பழத்தை
ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம்:
தின்றுவிட்டுக் கொட்டையை வாளியில் போடு.
நீல வாளி தண்ணீர், பெயின்ட் வாளி கூரை.
ரஃபீக்குல் எண்ணினான், நான் எண்ணினேன்,
மறுபடி ரஃபீக்குல்.
தண்ணீர் நூற்று எண்பத்தேழு,
கூரை நூற்று எண்பத்துநாலு.

இரண்டு வாளிக்கும் நடுவே, தரையில்
முப்பத்தொன்று.

குறி தவறி விழுந்தவை என்றுதான் நினைத்தோம்.
குனிந்து பார்த்தால்
கம்பி அடுக்குகிற மாதிரி
ஒரே இடைவெளி விட்டு, ஒரே நேர்கோட்டில்.
யார் ஆரம்பித்தது என்று கேட்டேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
சிலர் இன்னும் கொட்டை சப்புகிறவர்கள் மாதிரி
தாடையை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில்
தண்ணீர்தான் ஜெயித்தது என்றேன்.
நல்லது என்றார் ஜோர்டான்காரர், பேனாவை மூடினார்.
நான் பையில் கைவிட்டு
கொட்டைகளை அள்ளி மேசை மேல் வைத்தேன்.
கண்ணாடியில் அவை விழுந்த சத்தம்
அந்த அறைக்குப் புதுசு.

"என்ன இது?"
"இதுவும் ஓட்டுதான் சார்.
ரெண்டில் ஒண்ணுன்னு எங்களைப் பிரிச்சது யாருன்னு
கேக்குற ஓட்டு."
ஹிந்தியில் சொன்னேன். கோபம் வந்திருந்தது,
லேட்டாகத்தான்.

மினிட்ஸ் எழுதும் லிஜிமோள்
விரல்களைக் கீபோர்டு மேல் நிறுத்திவிட்டு
மெதுவாகக் கேட்டாள்,
"சேட்டா, இதை எப்படி எழுத?"
"எண்ணி எழுதுங்க."

எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது.
முப்பது என்றாள்.

எழுந்து நின்று பையை வெளியே இழுத்துப் பார்த்தேன்.
தையல் விட்டிருந்தது.
பிறகு குனிந்தேன், மேசைக்கு அடியில்,
எட்டு ஜோடி செருப்புக்கும் ஷூவுக்கும் நடுவே
அந்த ஒன்றைத் தேட.
யாரோ ஒருவர் காலை நகர்த்தி
இடம் விட்டார்.