பதினொரு மில்லிசெகண்ட்

வெஸ்ட்வில் குன்றின் மேல் என் அறை.
கதவுக்கு அட்டைப் பூட்டு, விரல்ரேகை, ஆறு இலக்க எண்.
குரங்குகள் ஜன்னல் வழியே வந்து
மதிய ரொட்டியை எடுத்துப் போகின்றன.
பூட்டை அவை ஒருநாளும் தொட்டதில்லை.
கணினிப் பாதுகாப்பு பற்றிய என் வகுப்பில்
முதல் வாரப் பாடம் இதுதான்.

மார்ச்சில் ஒரு பெட்டி வந்தது.
முன்பணம் கட்டும் மின்மீட்டர், சாம்பல் நிறம்,
கால் ரொட்டி அளவு.
இருபது இலக்கம் அழுத்தினால் வெளிச்சம்.
உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
பிழையே இல்லை என்று மெய்ப்பித்துத் தரச் சொன்னார்கள்.

சோதிப்பவர் ஆயிரம் முறை தட்டிப் பார்த்துவிட்டு
வீட்டுக்குப் போகலாம்.
எனக்கோ, யாரும் தட்டப் போகாத கதவையும்
பெயர் சொல்லிச் சாத்த வேண்டும்.
ஏழு மாதம். நானும் லிண்டானியும்.
ஸூலுவில் அவன் பெயருக்குக் காத்திருங்கள் என்று பொருள்;
நிரூபணம் ஓடி முடியும்வரை
எங்களுக்கு வேறென்ன வேலை?

ஒவ்வொரு தேற்றத்தின் வாசலிலும் ஓர் எனில்.
எண் இருபது இலக்கம் எனில்.
கடிகாரம் முன்னோக்கி ஓடும் எனில்.
அக்டோபரில் திரை பச்சையானது.
கையெழுத்துப் போட்டேன். பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

நானூறு வீடுகளில் மாட்டிப் பார்த்தார்கள்.
ஷால்க்ராஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார்,
புனிதா சின்னப்பன்,
என் எண் எப்படிக் கிடைத்ததோ.
'நூறு ராண்டுக்கு வாங்கினேன். நம்பர் போட்டேன்.
ஏற்கெனவே போட்டாச்சு என்கிறது பெட்டி.
யார் போட்டது?
வீட்டில் நான் ஒருத்திதான்.'

மூன்று இரவு தேடினோம்.
லிண்டானிதான் விரலை வைத்தான்.
ஒரு வரி, இந்த எண் செலவாகிவிட்டது என்று குறிக்கும்.
அடுத்த வரி, யூனிட்டைச் சேர்க்கும்.
நடுவே பதினொரு மில்லிசெகண்ட்.
அந்த இடுக்கில் மின்சாரம் போனால்
காசு போன இடம் யாருக்கும் தெரியாது.
மின்சாரம் இருக்கும் எனில் என்று
எழுதியது நாங்கள்தான்,
பன்னிரண்டாம் பக்கம், என் கையெழுத்தில்.

கம்பெனிக்காரர் சிரித்தார்:
'கோடியில் ஒன்று, ப்ரொஃபசர்.'

கோடியும் சிதறிக் கிடந்தால் சரி.
இந்த ஊரில் மின்வெட்டுக்கு அட்டவணை உண்டு.
இருட்டில் போனில் வாங்கிய எண்ணோடு
தெருவே காத்து நிற்கும்.
மின்சாரம் வந்ததும் எல்லோரும் அழுத்துவார்கள்.
கெட்டில், கீசர், அடுப்பு எல்லாம் ஒரே இழுப்பாக இழுக்க
டிரான்ஸ்ஃபார்மர் திணறி
ஒரு கண் சிமிட்டும்.
கோடி பேரும் அந்தச் சிமிட்டலில் வரிசையாய் நிற்கிறார்கள்.

வரிகளை மாற்றிப் போட்டால் போகிறது என்றார்.
மாற்றினால் ஒரே எண் இரண்டு முறை எரியும்,
நஷ்டம் நகராட்சிக்கு.
விட்டால் புனிதாவுக்கு.
இரண்டில் எதை முதலில் எழுதுவது என்று
யாரோ ஒருவர் ஒரு மதியம் முடிவு செய்திருக்கிறார்.
காப்பி குடித்துக்கொண்டு, அனேகமாக.

மூன்றாவது வரி ஒன்று வேண்டும்,
கூடுதல் நினைவகம், பெட்டிக்கு நாலு ராண்டு.
யோசிக்கிறார்களாம்.
என் சான்றிதழைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

புனிதாவுக்கு நூறு ராண்டு அனுப்பினேன்.
மறுநாளே திரும்பி வந்தது,
கூடவே ஒரு கேள்வி:
'அது உங்கள் பெட்டியா, மேடம்?'

பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
ஜன்னலில் ஒரு குரங்கு.
எனில் வராமல் ஒரு வரி,
ஒரே ஒரு வரி,
எழுதிப் பார்க்கிறேன்.