அகராதி

கோரிப்பாளையம், ஸ்கேன் சென்டர் மொட்டை மாடி.
லிப்ட் மோட்டார் அறையை ஒட்டிய இருட்டு.
பையில் டாக்டர் பெனடிக்ட் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம்,
மடியில் கொதிக்கும் பழைய லேப்டாப்.
வைஃபையை உடைத்தால்தான் கூலி என்றில்லை.
ஆனாலும் உடைக்காமல் இறங்கினால்
பார்க்கிங் பையன்கூட மதிக்க மாட்டான்.

ஏழரைக்கே ஒரு கைகுலுக்கலைப் பிடித்துவிட்டேன்.
யாரோ ஒரு நர்ஸின் போன்
ரூட்டரிடம் 'நான்தான்' என்றது.
'நீதானா' என்றது அது.
சொல்லைச் சொல்லாமலே
இருவரும் நம்பிக்கொண்டார்கள்.

என் கோப்பில் ஒன்றரைக் கோடிச் சொற்கள்.
தொழிலில் இதற்கு அகராதி என்று பெயர்.
பொருள் சொல்லாத அகராதி.
ஒவ்வொன்றும் ஒருநாள் யாருக்கோ ரகசியம்:
காதலி பெயர், பிள்ளை பிறந்த தேதி,
ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிவிட்டுத் தூங்கப்போன சோம்பல்.
எங்கெங்கோ பிடிபட்டு இங்கே வந்து சேர்ந்தவை.
பிடிபடாத சொல்
எப்படி இதில் இருக்கும்?

ஒரு சொல்லை எடு.
நெட்வொர்க்கின் பெயரோடு சேர்த்துப் பிசை.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு முறை அரை.
வந்த விழுதை ஒப்பிட்டுப் பார்.
இல்லை.
அடுத்தது.
பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அரைத்தது இங்கே உதவாது;
பெயர் மாறினால் முதலிலிருந்து அரைக்கணும்.

பதினொன்றரைக்கு ஒன்றரைக் கோடியும் தீர்ந்தது.

சரி, மதுரைக்காரனாக யோசிப்போம் என்று
நானே ஒரு பட்டியல் போட்டேன்.
மீனாட்சி, எச் போட்டு, எச் எடுத்து.
அழகரும் வருஷமும். தெப்பக்குளம். ஜிகர்தண்டா.
டாக்டரின் புல்லட் நம்பர்.
அவர் வீட்டுச் சுவரில் இருக்கும் புனிதர்,
பின்னால் ஓர் ஆச்சரியக்குறி.
ஒரு ழகரத்தை ஆங்கிலத்தில் தப்பாக எழுத
எத்தனை வழி இருக்கிறது என்று
அன்றைக்குத்தான் எண்ணினேன்.
ஏவி மேம்பாலத்தில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.
மூன்று மணிக்கு அறிக்கையில் எழுதினேன்:
முயன்றேன். அகப்படவில்லை.

காலையில் ரிசப்ஷனில்
டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள் விருமாயி.
"அதுவா? நான் வச்சதுதான்.
டாக்டரு சென்டர் பேரயே வைக்கச் சொன்னாரு.
அவரு சொன்னா? ஊருக்கே தெரிஞ்ச பேரு."
"என்ன வார்த்தை?"
"உங்களுக்கு எதுக்கு?"
கொஞ்சம் இரங்கினாள்.
"சம்பந்தமில்லாத நாலு சேத்திருக்கேன்.
அதுல ஒண்ணு, செக்கானூரணிப் பக்கம்
எங்கப்பா ஆட்டைக் கூப்பிடுற சத்தம்.
எழுதிப் பாத்தவக யாரு இருக்கா?
கைக்கு வந்தபடி அடிச்சேன்."

உள்ளேயிருந்து டாக்டர் குரல்:
"அவகிட்ட கேக்காதீங்க சார்,
அகராதி புடிச்சவ."

படியிறங்கி வந்தால்
பனகல் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்
ஒரு வெள்ளாடு போஸ்டர் தின்றுகொண்டிருந்தது.
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்
நாக்கை மடித்து, உதட்டைக் குவித்து,
தொண்டையில் ஒன்று, மூக்கில் ஒன்று,
ஏழெட்டுச் சத்தம் போட்டுப் பார்த்தேன்.

திரும்பவே இல்லை அது.