ஏழாம் கட்டில்

வார்டு / 4 / கட்டில் / 7 / மருந்து.

கிளைபெடா துறைமுக ஆஸ்பத்திரியிலிருந்து
இரவு நர்ஸ் டாங்குவோலே
முகவரியைப் போனில் வாசிக்கிறாள்,
ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் ஒரு மூச்சு நிறுத்தி.
மணி இரண்டு நாற்பது.

"மேலே கட்டில் ஏழு என்றிருக்கிறது.
கீழே ஆறாம் கட்டில் வைச்சாய்திஸின் பெயர்,
அவருடைய ரத்தக்கட்டி மாத்திரை.
ஏழில் படுத்திருப்பது ஒரு பெண்மணி.
ஒன்று, அவருக்கு மீசை முளைக்க வேண்டும்.
இல்லை, உங்கள் மெஷின் குடித்திருக்க வேண்டும்."

சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை.
வெள்ளிக்கிழமை மாலை
கோட்டை மாட்டிக்கொண்டே அதை எழுதியவன் நான்.

முழு ஆஸ்பத்திரியும் ஒரே பக்கம்தான்.
வெளிச்சுவரில் நீலப் பட்டை, கடிகாரம், அவள் பெயர்.
எங்கே போனாலும் அது இமைக்காது.
அதற்குள் வார்டு, இடப்பக்கம் கட்டில் வரிசை.
அதற்குள் ஒரு காலிச் சட்டம்.
கட்டில் அங்கே வந்து உட்கார வேண்டும்.
கட்டிலுக்குள்ளும் ஒரு சட்டம்:
மருந்து, சாப்பாடு, காய்ச்சல்.

உள்ளே வருகிறவனுக்கு
வெளியே இருப்பவன் இடம் விட்டிருக்க வேண்டும்.
போன வருஷம் ஸ்கிர்மாந்தே அதை மறந்தாள்.
முகவரி மாறியது, திரை ஆணியடித்தாற்போல் நின்றது.
பிழைச்செய்திகூட இல்லை.
இரண்டு நாள் தேடினோம்.
பிள்ளை பிறந்து மூச்சும் விட்டிருக்கிறது,
நிற்கத்தான் தரையில்லை.
விட்டுப்போனது ஒரு சொல்.

என் தப்பு அப்படியல்ல.
நான் சிக்கனக்காரன்.
ஆறிலிருந்து ஏழுக்குப் போனால்
எண் மட்டும்தானே மாறுகிறது,
அதே அறைதானே,
இடித்து மறுபடி கட்டுவானேன் என்று நினைத்தேன்.
அறை அப்படியே நின்றது.
உள்ளே இருந்தவரும் எழுந்து போகவில்லை.

ஜன்னலுக்கு வெளியே டானே ஆறு
பாதி உறைந்து கிடக்கிறது.
ஒரே ஒரு வரி எழுதுகிறேன்:
கட்டில் எண்ணே இனி அறையின் சாவி.
சாவி மாறினால் அறை வேறு.
பழையது போகட்டும், பெயரோடு, மாத்திரையோடு.
வார்டு நிற்கட்டும். கடிகாரம் நிற்கட்டும்.

"ரீஃப்ரெஷ் பண்ணுங்கள்."

பண்ணினாள்.
"இப்படி ஒரு பக்கமே இல்லையாம்."

அடக் கடவுளே, இதையும் மறந்திருக்கிறேன்.
சர்வருக்குத் தெரிந்தது வெளிக்கேட்டு ஒன்றுதான்.
கேட்டைத் தாண்டி உள்ளே நடந்தவளுக்கு
ஏழாம் கட்டில் இருக்கிறது.
நேரே தெருவிலிருந்து ஏழாம் கட்டிலைக் கேட்டால்
அப்படி யாரும் இங்கே இல்லை என்று
கதவைச் சாத்திவிடும்.
அதன் காதில் ஓதுகிறேன்:
யார் எதைக் கேட்டாலும் முதல் வாசலுக்கு அனுப்பு.
மிச்ச வழி எங்களுக்குத் தெரியும்.

மூன்று பத்து.
"ம். ஆறு... வைச்சாய்திஸ். சரி.
இப்போது ஏழு. ஐயோ, வெள்ளையாகிவிட்டது.
இல்லை, வந்துவிட்டது.
யாத்வீகா பெத்ராவிச்சியேனே.
எழுபத்தொன்று. உப்பில்லாத சாப்பாடு."

கொஞ்சம் பொறுத்து,
"நடுவில் அரை நொடி
யாருமே இல்லாமல் போகிறதே, அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.
அந்த அரை நொடியைத்தான்
வெள்ளிக்கிழமை மிச்சம் பிடித்திருந்தேன்
என்று சொல்லவில்லை.

"அப்போது நான் ஆறுக்குப் போகிறேன்.
அவருக்கு மாத்திரை நேரம்."
பின்பொத்தானை அழுத்துவாள் என்று
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
போனை அவள் வைக்கவில்லை.
ரப்பர் செருப்பின் சத்தம்
ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்கு,
நாலே எட்டு.