இயன்றவரை

இரவு பதினொன்றே முக்கால்.
கொண்டலாம்பட்டியில் கரண்ட் ஒருமுறை போய் வந்துவிட்டது.
பக்கத்து வீட்டு விசைத்தறி நின்று, யோசித்து,
மறுபடி தொடங்குகிறது.
படிவம் கேட்கிறது:
கல்விக் கொள்கையில் முதுகலை ஏன்?
ஐந்நூறு சொற்களுக்குள்.

மூன்று முறை எழுதி அழித்தாயிற்று.
முதல் வரைவில் நான் தடைகளைத் தகர்த்து
சிறகு விரித்து
சீ.
மேடையில் எனக்குச் சால்வை போர்த்துகிறவர்கள்
பேசுகிற மாதிரியே இருந்தது.
இரண்டாவதில் அம்மா அழுதாள்.
அவள் அழுது நான் பார்த்ததேயில்லை.
மூன்றாவது வெறும் சட்டப் பிரிவுகள்.

நான் அறுபத்தெட்டு விழுக்காடு.
அரசு மருத்துவமனையில் ஒரு வியாழக்கிழமை
என் காலைத் தூக்கி, விட்டு,
அது விழுந்த விதத்தைப் பார்த்து
ஒருவர் எழுதிக்கொடுத்த எண்.
அந்தச் சான்றிதழை இருநூறு கேபிக்குள் சுருக்கவேண்டுமாம்.
சுருக்கினால் எண் கலைந்துபோய்
முத்திரை மட்டும் மிஞ்சுகிறது.

பரிந்துரைக் கடிதத்தைப் பூவராகன் சாரிடம் கேட்டேன்.
அவர் பள்ளியின் மேல்
ஆறு வருடத்தில் பதினேழு மனு போட்டவள் நான்.
டீ வாங்கிக் கொடுத்தார்.
'என்னம்மா எழுதறது?'
'நடந்ததை எழுதுங்க சார்.'
சாய்தளம் வந்ததை எழுதியிருக்கிறார்.
அது மூன்றடிக்கு ஓரடி ஏறுகிற செங்குத்து என்பதையும்,
இன்றுவரை அதில் ஏறியது
சத்துணவு அரிசி மூட்டை மட்டும்தான் என்பதையும்
எழுதியிருக்கிறார்.
கடைசி வரி:
இவரைச் சேர்த்துக்கொண்டால் உங்களுக்கும் நிம்மதி இருக்காது.

போன மாதம்
இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் ஏற்காடு ஏறினேன்.
ஏழாவது கொண்டை ஊசியில் வண்டி இருமியது.
பின்னால் வந்த காய்கறி வேன் ஹாரன் அடிக்கவில்லை.
கருணையா, ஹாரனே இல்லையா, தெரியாது.
வெள்ளக்கடைக்கு அப்பால், தார் முடிகிற இடத்தில்
தீர்த்தகிரியின் வீடு. வயது பதினொன்று.
வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கு வந்து
சொல்லித்தருவதாகப் பதிவேடு சொல்கிறது.
'தை மாசம் வந்தாங்க' என்கிறான் அவன்.
'கலர் பென்சில் குடுத்தாங்க. சீவுறது குடுக்கல.'

காபித் தோட்டத்துக்குப் போகுமுன்
அப்பா வெள்ளையன் அவனைத் தூக்கிவந்து
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் அடியில் உட்காரவைப்பார்.
அங்கிருந்து பள்ளி தெரியும். மணி கேட்கும்.
பாடவேளை முழுக்க அவனுக்கு மனப்பாடம்.
'இப்ப கணக்கு.
இப்ப ஒண்ணுக்கு விடுவாங்க, பாருங்க.'
விட்டார்கள்.

கிளம்பும்போது சொன்னேன்,
மேல்படிப்புக்கு அப்ளிகேஷன் போடறேன்டா.
'மேலயா? எத்தனை படி?'
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
அனைத்துப் பள்ளிகளிலும் இயன்றவரை
தடையற்ற சூழல் ஏற்படுத்தப்பட வேண்டும்.
இயன்றவரை.
யாரோ, ஒரு மதியம்,
சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே,
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல் செருகிய சொல்.
அந்தச் சந்து வழியாகத்தான்
மலைப் பள்ளியின் ஒன்பது படிகளும்
ஒவ்வொன்றாய் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன.

எனக்கு அந்த அறைக்குப் போகவேண்டும்.
அந்த மேசைக்கு.
அந்த ஒரு சொல்லை எழுதப்போகிற கை
பேனாவைத் திறக்கிற நேரத்துக்கு.

இதைத்தான் எழுதினேன்.
நானூற்றெழுபது சொற்கள் மிச்சம்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
சமர்ப்பி.
திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.
அது சுற்றும்வரை
துறைக் கட்டடத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
வாசலில் மாணவர்கள் வரிசையாய் நின்று சிரிக்கிறார்கள்,
கால்களை மறைத்துக்கொண்டு
ஒரு பூந்தொட்டி.
தொட்டிக்கு இந்தப் பக்கம் எண்ணுகிறேன்.

அஞ்சு, தீர்த்தகிரி.

ஓரத்தில் ஏதோ சரிவு மாதிரி இருக்கிறது.
நிழலாகவும் இருக்கலாம்.